ஆயிரம் பக்கமும் ஓர் அடமானப் பத்திரமும்

இன்ஜினீயரிங் மோகம் கொஞ்சம் தணிந்த வீடுகளில் இப்போது ஒரு பெயர் அடிக்கடி காதில் விழுகிறது: எம்.எஸ்சி. இன்வெஸ்ட்மென்ட் மேனேஜ்மென்ட். லண்டனில் ஒரே வருஷம். பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும், கணக்கு கொஞ்சம் வர வேண்டும். படித்துவிட்டு வந்தால் (அல்லது வராமலே இருந்துவிட்டால்) அடுத்தவர் பணத்தை நிர்வகிக்கிற உத்தியோகம். வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்ட் வழவழ காகிதத்தில் ஒரு புத்தகம் கொடுப்பார். கேனரி வார்ஃப் கண்ணாடிக் கட்டடங்கள், கோட்டு போட்ட நாலு நாட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே மாதிரி பல்வரிசை.

அது கிடக்கட்டும். உள்ளே என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

எங்கள் அபார்ட்மென்ட் பையன் ஒருவன் இதைப் படித்துவிட்டு வந்தான். அவனிடமிருந்து போடி, கேன், மார்க்கஸ் மூவரும் எழுதிய 'இன்வெஸ்ட்மென்ட்ஸ்' புத்தகத்தை இரவல் வாங்கி ஒரு மாதம் வைத்திருந்தேன். 1989-ல் முதல் பதிப்பு வந்தது. இந்தப் பாடம் நடக்கிற பல வகுப்புகளில் இதுதான் வேதம். ஆயிரம் பக்கம். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். ஆர்.எல்.குப்தா - ராதாசாமி அக்கவுன்டன்ஸியோடு மல்லுக்கட்டி பி.காம். தேறியவன் என்கிற ஒரே தகுதியில் சொல்கிறேன். நல்ல புத்தகம். தெளிவான புத்தகம். ஆனால், அதை மனசுக்குள் வாங்கிப் படித்தவன், அந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கமாட்டான். அங்கேதான் இடிக்கிறது.

கதை 1952-ல் ஆரம்பிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரி மார்கோவிட்ஸ் என்கிற இருபத்துநாலு வயதுக்காரர் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் பதினைந்து பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை 'இந்த ஷேர் நல்லதா, கெட்டதா' என்று தனித்தனியாகத்தான் பார்த்தார்கள். மார்கோவிட்ஸ், 'இது இறங்கும்போது அது என்ன பண்ணும்?' என்று கேட்டார். இளநீர்க் கடை மட்டும் வைத்திருப்பவன் மழைக்காலத்தில் பட்டினி. கூடவே நாலு குடையும் விற்பவன் எந்த மாசமும் சாப்பிடுவான். அவ்வளவுதான் விஷயம். ஆனால், இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார் பாருங்கள், அதுதான் சாதனை. டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் மில்டன் ஃப்ரீட்மன், 'இது பொருளாதாரமே இல்லையே, எப்படிப் பட்டம் தருவது?' என்கிற ரீதியில் மடக்கினாராம். 1990-ல் நோபல் கொடுத்தார்கள்.

சரி, இந்த மேதை தன்னுடைய ஓய்வுக்கால சேமிப்பை எப்படிப் போட்டார்? தன் சூத்திரப்படி கோவேரியன்ஸ் எல்லாம் கணக்கிட்டிருக்க வேண்டும், இல்லையா? பாதி பங்கு, பாதி பாண்டு. அவ்வளவுதான்! பங்குச் சந்தை ஏறி, தான் உள்ளே இல்லாவிட்டாலும் வருத்தம். விழுந்து, மொத்தமும் உள்ளே இருந்தாலும் வருத்தம். பின்னால் வருத்தப்படக் கூடாது, அதனால் பாதிப் பாதி என்று அவரே பத்திரிகையாளரிடம் சொன்னார். நம் ஊர்ப் பாட்டிகள் பாதி நகை, பாதி நிலம் என்று வைத்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அடுத்து வருபவர் வில்லியம் ஷார்ப். 1964-ல் அவர் கொடுத்ததுதான் 'பீட்டா' சமாசாரம். எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு சின்னக் கட்டுரை, 1991-ல் வந்தது. அதில் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இருக்கிறது. மார்க்கெட்டில் பணம் போட்டிருக்கிற எல்லோரும் சேர்ந்ததுதான் மார்க்கெட். சராசரிக்கு மேல் ஒருத்தர் எடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் சராசரிக்குக் கீழே இன்னொருத்தர் விட்ட ரூபாய். கிளப்பில் ரம்மி ஆடுகிறார்கள், மேஜைக்கு இவ்வளவு என்று கிளப் எடுத்துக்கொள்கிறது என்றால், ஆடியவர்கள் மொத்தமாக எவ்வளவு எடுத்திருப்பார்கள்? போட்டதைவிடக் குறைச்சல்தான். ஃபண்ட் மேனேஜர் சம்பளம், புரோக்கர் கமிஷன் எல்லாம்தான் இங்கே மேஜைக் காசு.

யூஜீன் ஃபாமா 1970-லேயே, விலைக்குள் தகவல் எல்லாம் அடங்கிவிட்டது, அதை ஜெயிப்பது கஷ்டம் என்று எழுதிவிட்டார். ராபர்ட் ஷில்லரோ, மார்க்கெட் அடிக்கடி கிறுக்குப் பிடித்து ஆடும் என்றவர். 2013-ல் இரண்டு பேருக்கும் (கூட லார்ஸ் ஹேன்சனுக்கும்) சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். பரிசுக் கமிட்டியே டைவர்ஸிஃபை பண்ணிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புத்தகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நடுவில் மார்க்கெட்டை ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆதாரத்தோடு விளக்குகிறார்கள். அதைத் தாண்டினால் பங்குகளை அலசுவது எப்படி. இன்னும் தாண்டினால் மார்க்கெட்டை ஜெயிக்க போர்ட்ஃபோலியோ அமைப்பது எப்படி! முதல் செமஸ்டரில் 'சாமி வரம் தராது' என்று நிரூபித்துவிட்டு, இரண்டாவது செமஸ்டரில் பூசாரி டிரெய்னிங்.

ஆசிரியர்களுக்கு இது தெரியாமலில்லை. 1980-ல் கிராஸ்மன், ஸ்டிக்லிட்ஸ் இருவரும் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். யாருமே தகவல் தேடவில்லை என்றால் விலை எப்படிச் சரியாக இருக்கும், அதனால் தேடுகிறவர்களுக்கு ஏதோ கொஞ்சம் கூலி இருந்தே தீரும் என்று. நியாயமான பதில். ஆனால், அந்தக் கூலி எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? வருஷா வருஷம் வகுப்பு வகுப்பாக வெளியே வருகிற அத்தனை பேருக்குமா? இந்தக் கேள்வியைப் புத்தகத்திடம் கேட்கலாம். படிப்பை விற்கிறவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

வாரன் பஃபெட் 2008-ல் பத்து லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். ஒரு பக்கம் மூளையே தேவைப்படாத இண்டெக்ஸ் ஃபண்ட். மறு பக்கம், ஹெட்ஜ் ஃபண்டுகளைப் பொறுக்கி எடுத்து முதலீடு செய்யும் ஐந்து ஃபண்டுகள். பத்து வருஷம். 2017 முடிவில் இண்டெக்ஸ் 125.8 சதவிகிதம் ஏறியிருந்தது. ஐந்தில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. அந்த ஐந்துக்குள்ளும் அவற்றுக்குக் கீழே இருந்த ஹெட்ஜ் ஃபண்டுகளுக்குள்ளும் எத்தனை மாஸ்டர் டிகிரிகள் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கேயும், நம் பி.எஃப். பணம் 2015 ஆகஸ்டில் முதல் தடவையாகப் பங்குச் சந்தைக்குள் போனபோது இ.டி.எஃப். வழியாகத்தான் போனது. கோடிக்கணக்கான தொழிலாளிகளின் காசுக்கு நட்சத்திர மேனேஜர் யாரையும் தேடவில்லை.

படிப்பால் ஆபத்தே வரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் 1997-ல் ஆப்ஷன் விலைக் கணக்குக்காக நோபல் வாங்கினார்கள். இருவரும் பார்ட்னர்களாக இருந்த எல்.டி.சி.எம். நிறுவனம் மறு வருஷமே கவிழ்ந்தது. ரஷ்யா கடனைக் கட்ட முடியாது என்றதும் சம்பந்தமே இல்லாத சந்தைகள் கைகோத்துக்கொண்டு விழுந்தன. இளநீரும் போச்சு, குடையும் போச்சு. கடைசியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டிவைத்து, 14 வங்கிகள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இந்தக் கதையை வகுப்பில் சுவாரசியமாகச் சொல்கிறார்களாம். பரீட்சைக்குச் சூத்திரம்தான் வருகிறது.

என்னுடைய பெரிய குறை வேறு. இத்தனை பக்கத்தில் பொய் சொல்கிற மனுஷனுக்கு ஒதுக்கிய இடம் ரொம்பக் கம்மி. சத்யம் கம்பெனி 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்காக விருது வாங்கியது. 2009 ஜனவரி 7-ம் தேதி ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லவே இல்லை என்றார். ஜனவரி 6-ம் தேதிவரை அந்தப் பங்குக்கும் பீட்டா இருந்தது, வேல்யுவேஷன் இருந்தது, தசமப் புள்ளி வரை. பாங்க் ரிகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் என்று பி.காமில் கொட்டாவி விட்டுக்கொண்டே போட்டோமே, அந்தச் சின்னக் கணக்கைத்தான் அங்கே யாரோ ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பாடம் உண்மையில் யாருக்குத் தேவை? ஆருத்ராவில் பணம் கட்டிய ஜனங்களுக்கு. மாதம் 25, 30 சதவிகிதம் வட்டி என்றார்கள். 25 சதவிகிதத்தை மாதா மாதம் கூட்டு வட்டியில் போட்டால், ஒரு லட்சம் பன்னிரண்டே மாதத்தில் பதினாலரை லட்சம்! உலகத்தில் எந்த வியாபாரத்தில் இது முடியும்? 'டைம் வேல்யூ ஆஃப் மணி' என்று பத்துப் பக்கத்தில் முடிகிற பாடம். அதைக் கற்றுக்கொண்டிருந்தால் 1998-ல் அனுபவ் தேக்கு மரத்திலிருந்து 2022-ல் ஆருத்ரா வரை எத்தனையோ குடும்பம் தப்பித்திருக்கும். அந்தப் பத்துப் பக்கம் பிளஸ் டூ பையனுக்கு வர வேண்டியது. நாம் அதை லண்டனில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடன் வாங்கிப் போய்ப் படிக்கச் சொல்கிறோம்.

கடனுக்கு வந்துவிட்டேன். ஃபீஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 40 லட்சம் கடன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை சதவிகிதம், பத்து வருஷம். மாதம் கிட்டத்தட்ட 54,000 ரூபாய். மொத்தம் 65 லட்சத்தைத் தொடும். படிக்கிற காலத்து வட்டி தனி. இந்த அளவுக்குப் போனால் பொதுவாக பாங்கில் சொத்து ஈடு கேட்பார்கள். இருப்பது ஒரு வீடு. அதன் பத்திரம் பாங்குக்குப் போகிறது. ஆக, குடும்பத்தின் மொத்த ஆஸ்தியும் ஒரே ஒரு பையனின், ஒரே ஒரு துறையின், முதல் வேலை மேல். மார்கோவிட்ஸ் இதைப் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

அதுவும் அந்தத் துறை எப்படிப்பட்டது? மார்க்கெட் விழுந்தால் முதலில் ஆள் குறைப்பதே அங்கேதான். 2007-ல் சேர்ந்து 2008 செப்டம்பரில் படிப்பை முடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் திவால். கேனரி வார்ஃபில் ஊழியர்கள் அட்டைப்பெட்டியோடு வெளியே வருகிறார்கள். இவர்கள் பயோடேட்டாவோடு உள்ளே போகிறார்கள். வாங்கிய சரக்கும் விற்கிற சந்தையும் சேர்ந்தே விழுகிற நிலைமைக்குப் புத்தகத்தில் 'கோரிலேஷன்' என்று பெயர்.

விசா ரிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தபின் தங்கி வேலை தேடுகிற வசதியை பிரிட்டன் 2012-ல் மூடியது. 2021-ல் இரண்டு வருஷம் என்று திறந்தது. 2025-ல், அதைப் பதினெட்டு மாதமாகக் குறைக்கப்போகிறோம் என்றது. பத்து வருஷக் கடன் வாங்கிய அப்பா, இந்த ஏற்ற இறக்கத்தை எந்த சூத்திரத்தில் போடுவார்?

புத்தகத்தில் 'சர்வைவர்ஷிப் பயஸ்' என்று ஒன்று வருகிறது. ஊற்றி மூடிய ஃபண்டுகள் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும், மிச்சமிருப்பவற்றை மட்டும் வைத்து சராசரி போட்டால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும், ஏமாறாதே என்கிறது. ஏஜென்ட் கொடுத்த அந்த வழவழ காகிதத்தில் சிரிப்பவர்கள் யார்? வேலை கிடைத்தவர்கள்.

லண்டனில் இந்தப் படிப்பு நடத்துகிற காஸ் பிசினஸ் ஸ்கூல், 2021-ல் பேஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜான் காஸுக்கு அடிமை வியாபாரத்தோடு தொடர்பு இருந்ததால் பழைய பெயரைத் தூக்கிவிட்டார்கள். தாமஸ் பேஸ் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார், நிகழ்தகவுக் கணக்கில் ஒரு தேற்றத்துக்கு அவர் பெயர்தான். அவருடைய கல்லறை அந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே பன்ஹில் ஃபீல்ட்ஸில் இருக்கிறது. புதுத் தகவல் வரும்போது பழைய நம்பிக்கையை எவ்வளவு திருத்திக்கொள்வது என்பதுதான் அவர் தேற்றத்தின் சாரம். ஆனால், திருத்துவதற்கு முதலில் ஓர் அடிப்படை எண் வேண்டும். போன வருஷ வகுப்பில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அதில் இதே துறையில் வேலைக்குப் போனது எத்தனை பேர்? இந்த எண் இல்லாமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாருமே போகக் கூடாது என்றா சொல்கிறேன்? கம்பெனி செலவில் போகிறவர், ஸ்காலர்ஷிப் கிடைத்தவர், நாலைந்து வருஷம் இந்தத் துறையிலேயே குப்பை கொட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர், எல்லோரும் தாராளமாகப் போகலாம். மற்றவர்களுக்கு சி.எஃப்.ஏ. இருக்கிறது. மூன்று கட்டப் பரீட்சை, வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம், தோற்றால் வீடு போகாது. செபி 2006-ல் ஆரம்பித்த என்.ஐ.எஸ்.எம். மும்பை பக்கம் இருக்கிறது.

புத்தகத்தின் முதல் ஆசிரியர் ஸ்வி போடியைப் பற்றித் தேடிப் படித்தேன். ஓய்வுக்காலத்துக்கு அத்தியாவசியமான பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள், விலைவாசிக்கு ஏற்ப உயர்கிற அரசாங்கப் பாண்டில் போடுங்கள் என்று சாதாரண ஜனங்களுக்குப் பல வருஷமாகச் சொல்லிவருகிறவர் அவர். அவருடைய புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது (முதல் அத்தியாயமாக வைத்திருக்க வேண்டியது). எந்தப் பங்கையும் தொடுவதற்கு முன்னால், பணம் யாருடையது என்று விசாரிக்கச் சொல்கிறார்கள். என்ன வருமானம் வேண்டும், எவ்வளவு நஷ்டம் தாங்கும், எப்போது பணம் தேவைப்படும், வரி எவ்வளவு, கடைசியாகத் தனிப்பட்ட சூழ்நிலை ஏதாவது உண்டா.

பையனை அனுப்பப்போகிற ஒரு சராசரிக் குடும்பத்துக்கு இதை நிரப்பிப் பாருங்கள். நஷ்டம் எவ்வளவு தாங்கும்? தாங்காது. பணம் எப்போது தேவை? அப்பாவுக்கு இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட், தங்கைக்குக் கல்யாணம். தனிப்பட்ட சூழ்நிலை என்கிற இடத்தில், பையனுக்கு இந்தப் பாடம் பிடித்திருக்கிறதா என்று ஒரு வரி எழுத வேண்டும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் எழுத முடியும்.