வியர்ட் என்கிற சொல்

கோமாளித்தனமாக உடுத்துகிறவனையும், துக்க வீட்டில் சிரிக்கிறவனையும் இன்றைய ஆங்கிலம் 'வியர்ட்' என்கிறது. விசித்திரமானவன் என்று அர்த்தம். 'மாக்பெத்' நாடகத்தைப் படிக்கிற பலர் இந்த அர்த்தத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் அந்த மூன்று 'வியர்ட்' சகோதரிகளிடம் வந்து சேருகிறார்கள். பொட்டல் வெளியில் தாடியுள்ள மூன்று கிழவிகள், விசித்திரப் பிறவிகள் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகிறபோது நாடகத்தின் முக்கியமான கேள்வியும் கைநழுவிப் போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பழைய ஆங்கிலத்தில் இது 'விர்ட்' என்ற பெயர்ச்சொல். மனிதனுக்கு நேருவதை, அவன் தப்ப முடியாததை அது குறித்தது. 'ஆகு' என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்தது. ஜெர்மன் மொழியில் 'வேர்டன்' என்று அந்த வினை இன்றும் வழங்குகிறது. அதற்கும் முந்திய வேருக்குத் திரும்புதல், சுழலுதல் என்று பொருள். நாம் சொல்லும் 'வர்த்தமானம்' என்ற சம்ஸ்கிருதச் சொல்லும் அந்த வேரில் கிளைத்ததுதான்.

இதே இடத்தில் லத்தீன்காரர்கள் வழங்கிய 'ஃபாட்டும்' என்ற சொல்லுக்கு 'சொல்லப்பட்டது' என்று பொருள். நம்முடைய விதியும் அப்படித்தான், விதிக்கப்பட்டது. இரண்டிலும் விதித்தவன் ஒருவன் மேலே இருக்கிறான். 'விர்ட்' என்ற சொல்லில் அப்படி யாரும் இல்லை. ஆவது ஆகிறது, அவ்வளவுதான். 'பேயோவுல்ஃப்' காவியத்தின் நாயகன் ஓரிடத்தில், சாவு நெருங்காத வீரனை 'விர்ட்' பலமுறை காப்பாற்றும், ஆனால் அவனுடைய துணிவு தளராமல் இருக்கவேண்டும் என்கிறான். இந்த நிபந்தனையைக் கவனிக்கவேண்டும். மனிதனுடைய பங்கையும் சேர்த்துக்கொண்டுதான் அது நடக்கிறது.

பிற்காலத்தில் தெற்கு இங்கிலாந்தில் சொல் மங்கிப்போயிற்று. ஸ்காட்லாந்தில் பிழைத்திருந்தது. வர்ஜிலின் காவியத்தை 1513-ல் மொழிபெயர்த்து முடித்த காவின் டக்ளஸ், ரோமர்களின் விதித் தெய்வங்களை 'வியர்ட்' சகோதரிகள் என்றே குறிப்பிட்டார். 1577-ல் வெளிவந்த ஹாலின்ஷெட்டின் சரித்திரத்திலும் அதே பெயர் இருக்கிறது. ஷேக்ஸ்பியருக்குக் கதையும் பெயரும் அங்கிருந்து கிடைத்தன. ஆனால் 1623-ல் நாடகம் முதன்முதலாக அச்சேறியபோது, அடங்காதவர்கள் என்று பொருள் கொள்ளும்படி எழுத்து மாறியிருந்தது. 1733-ல் தியபால்ட் என்ற பதிப்பாசிரியர் ஹாலின்ஷெட்டைப் பார்த்துத் திருத்தினார். ஷெல்லியும் கீட்ஸும் அமானுஷ்யம் என்ற பொருளில் அதைக் கையாண்டார்கள். அங்கிருந்து விசித்திரத்துக்கு அதிக தூரமில்லை.

மேடைக் குறிப்புகள் இவர்களைச் சூனியக்காரிகள் என்கின்றன. மாக்பெத்தும் பாங்க்வோவும் சொல்வது 'வியர்ட்' சகோதரிகள் என்றுதான். இந்தச் சகோதரிகள் செய்வது என்ன? நீ அரசனாவாய் என்கிறார்கள். டங்கனைக் கொல் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. தற்செயலாக அரசாட்சி வருமானால் என் முயற்சி இல்லாமலே வரட்டும் என்று மாக்பெத்தே முதலில் நினைக்கிறான். பாங்க்வோவுக்கும் அதே பொட்டலில், அதே வாயால், அவன் சந்ததி அரசாளும் என்ற சொல் கிடைக்கிறது. அவனுக்கும் சபலம் உண்டு. தூக்கத்தில் வரும் கெட்ட நினைவுகளைத் தடுக்கும்படி பிரார்த்திக்கிறான். ஆனால் கத்தியை எடுக்கவில்லை. ஆகவே கொலை சகோதரிகளுடையதல்ல, மாக்பெத்தினுடையது.

ஷேக்ஸ்பியருக்குப் பழைய ஆங்கிலம் தெரியாது, வேர்ச்சொல்லை வைத்து நாடகத்துக்கு அர்த்தம் பண்ணலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேர்ச்சொல் சாட்சியாகாது; எங்கே பார்க்கவேண்டும் என்று கைகாட்டும். சாட்சி சொல்வதற்கு நாடகத்துக்குள்ளேயே பாங்க்வோ இருக்கிறான்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் பாடம் உண்டு. பாத்திரத்தைக் குழியில் தள்ளிவிட்டு விதி என்று எழுதி முடிப்பது சுலபம். வாசகனும் நிம்மதியாகப் புஸ்தகத்தை மூடிவிடுவான். ஒருவன் எப்படி அப்படி ஆனான் என்று காட்டுவதுதான் கஷ்டம். தமிழில் இதை மொழிபெயர்க்கிறவர்கள் சூனியக்காரிகள் என்று எழுதினாலும், விதித் தெய்வங்கள் என்று எழுதினாலும் பாதிதான் கிடைக்கும். 'ஆனது ஆகட்டும்' என்று சொல்லிக்கொண்டு நம்மவர்கள் ஒரு காரியத்தில் இறங்குகிறார்களே, அந்தப் பேச்சில்தான் 'விர்ட்' இருக்கிறது.