உத்தம விதவையும் நெடும்பாதையும்

அமெரிக்கப் பத்திரிகையாளர் பென் மான்ட்கமரி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலொன்று, ‘கேட்வுட் பாட்டியின் நடை’ என்று பொருள்படும் தலைப்புடையது, சற்றுக் காலந்தாழ்ந்தே நம் கைக்கு எட்டியது. அதற்கு முன்னரே அந்நூலின் தலைவியைப் பிரசங்கங்களில் இருமுறை சந்தித்திருந்தோம். இரு பிரசங்கிகளும் எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை விளக்கும்பொருட்டு, அறுபத்தேழு வயது மூதாட்டியை மலையேற்றி, உச்சியில் நிறுத்தி, ஆமென் சொல்லி அமர்ந்துவிட்டனர். நூலைப் படித்து முடித்தபோது நமக்குத் தோன்றியது யாதெனில், இவ்வம்மையார் நம் பிரசங்கங்களுக்கு அத்துணை எளிதில் அகப்படுகிறவர் அல்லர் என்பதே. நூலாசிரியருக்கும் அவர் முழுமையாக அகப்படவில்லை என்பது நம் கருத்து.

எம்மா கேட்வுட் 1887இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1907இல் மணமாகிப் பதினொரு மக்களைப் பெற்று, பண்ணைவேலையில் உழன்றவர். 1955 மே 3ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து ஓகல்தார்ப் மலையில் புறப்பட்டு, அப்பலாச்சியன் மலைத்தொடரினூடே செல்லும் நடைபாதையில் ஏறக்குறைய 2,050 மைல் தூரம் தன்னந்தனியே நடந்து, செப்டம்பர் 25ஆம் நாள் மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தை அடைந்தார். மொத்தம் 146 நாட்கள். ஒரே பருவத்தில் அப்பாதை முழுவதையும் தனித்து நடந்த முதற்பெண்மணி அவரே. பிள்ளைகளிடமோ, நடந்துவிட்டு வருகிறேன் என்பதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

கூடாரமில்லை, உறக்கப்பையில்லை. தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதனுள் ஒரு கம்பளி, ஒரு மழைக்கோட்டு, மழைக்கு மேலே பிடிக்கக் குளியலறையில் தொங்கும் பிளாஸ்டிக் திரை ஒன்று, கொஞ்சம் உலர்ந்த திராட்சையும் கடலையும். காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. இன்று இவ்வகை நடைக்கென்று விற்கப்படும் சாமான்களின் விலைப்பட்டியலைப் பார்த்த எவரும் இந்தப் பையை எண்ணிப் புன்னகை செய்வர்.

பிரசங்கிகள் விட்டுவிட்ட ஒரு செய்தியை இங்கே சொல்லவேண்டும். 1955ஆம் ஆண்டுப் பயணம் முதல் முயற்சியன்று. அதற்கு முந்திய ஆண்டு கட்டாடினிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டவர், வழிதப்பி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து, வனக்காவலரால் மீட்கப்பட்டார். வீட்டுக்குப் போங்கள் என்று அவர்கள் சொல்ல, அவரும் போய்விட்டார். ஓராண்டு அதைத் தம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார்.

நூலாசிரியர் நடையை ஓர் அதிகாரத்திலும் பழைய வாழ்க்கையை மற்றோர் அதிகாரத்திலுமாக மாறிமாறி நெய்கிறார். பழைய வாழ்க்கை கொடியது. கணவன் அவரை அடித்தான்; பற்கள் உடைந்தன, விலாவெலும்பு முறிந்தது; பைத்தியக்காரர் விடுதியில் அடைத்துவிடுவதாகவும் மிரட்டினான். இறுதியில் ஒருமுறை காவல் அதிகாரி வந்து கைதுசெய்தது அவனையன்று, அவரையே. அவ்வூர் நகரத் தலைவர் வீங்கிய முகத்தைக் கண்டு, தம் சொந்த வீட்டிலே அடைக்கலம் கொடுத்தார். 1941இல் மணவிலக்குக் கிடைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்! இவ்வதிகாரங்களை ஆசிரியர் மிகையின்றி, ஆனால் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நூலின் சிறந்த பகுதி இதுவே.

இதில் ஒரு சிறு செய்தி நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. வழியிலே பத்திரிகையாளர்கள் சூழ்ந்து விசாரித்தபோது, தாம் ஒரு விதவை என்று எம்மா சொல்லிவந்தார். அவர் கணவராயிருந்தவர் அப்போது உயிருடனிருந்தார். 1968 வரையிலும் இருந்தார். பொய்யென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஏன் அந்தச் சொல்? தனியே நடக்கும் முதிய பெண்ணை உலகம் ஏதோ ஒரு பெயரால் அழைத்துத்தான் தீரவேண்டும். மணவிலக்குப் பெற்றவள் என்னும் பெயரோடு அன்றைய மலைக்கிராமங்களின் கதவுகளைத் தட்டுவது கடினம். விதவை என்னும் பெயருக்கோ இரக்கமும் கண்ணியமும் உண்டு. நமக்கு அவ்வாறே படுகிறது.

திருச்சபைக்கும் அப்பெயர் பழக்கமானது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் ‘உத்தம விதவை’ யாரென்று வகுக்கிறது. அறுபது வயதுக்குக் குறையாதவள், ஒரே புருஷனுக்கு மனைவியாயிருந்தவள், பிள்ளைகளை வளர்த்தவள், அந்நியரை உபசரித்தவள் என்று நிபந்தனைகள் செல்கின்றன. வயது, ஒரே கணவன், பதினொரு பிள்ளைகள் ஆகியவற்றில் எம்மாவிடம் குறையேதுமில்லை. கணவன் இறக்கவில்லை என்பதொன்றே தடை. இப்பகுதியை வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்தும் நாம் கவனியாதுவிட்ட ஒன்று உண்டு. அந்நியரை வரவேற்றுக் கால்கழுவுகிறவளாகவே அப்பட்டியல் முதிய பெண்ணைக் காண்கிறது. அவளே அந்நியளாக, கால்கள் வீங்கி, இருட்டும் வேளையில் ஒருவர் வாசலில் வந்து நிற்பாள் என்று அது எண்ணவில்லை. எம்மா நின்றார். சிலர் உள்ளே அழைத்துச் சோறும் படுக்கையும் கொடுத்தனர். சிலர் மறுத்தனர், அவர் வெளியிலே படுத்துக்கொண்டார்.

நூலாசிரியரோடு நாம் மாறுபடும் இடத்துக்கு வருகிறோம். அவர் விடாது கேட்கும் கேள்வி, எம்மா ஏன் நடந்தார் என்பது. எம்மாவோ கேட்டவர்க்கெல்லாம் வெவ்வேறு விடை கொடுத்தார். ஒருவரிடம், வேடிக்கையாயிருக்கும் என்று எண்ணியதாகச் சொன்னார். மற்றொருவரிடம், தமக்கு விருப்பமிருந்ததனால் என்றார். பாதையை வருணித்த பத்திரிகைக் கட்டுரை தம்மை ஏமாற்றிவிட்டது, இத்தனை கடினமென்று அறிந்திருந்தால் புறப்பட்டேயிருக்கமாட்டேன் என்று குறைகூறவும் தவறவில்லை. இவ்விடைகளில் ஆசிரியர் திருப்தியடையவில்லை. அடிபட்ட வாழ்க்கையையும் நடையையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று வாசகன் தானே முடிவுசெய்யுமாறு விடுகிறார். காயமுற்றவர் நடந்து குணமடைவது இக்காலத்து நூல்களுக்கு விருப்பமான அச்சு. 2012இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஷெரில் ஸ்டிரேய்டின் நூலும் அவ்வகையே. எனினும் ஸ்டிரேய்ட் தம் காரணத்தைத் தாமே எழுதினார். எம்மா எழுதவில்லை. மணவிலக்குக்கும் முதற்பயணத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன. ஓடிப்போகிறவர் அத்துணைக் காலம் காத்திருப்பாரா? 1957இல் இரண்டாம் முறையும், பின்னர் பகுதிபகுதியாக 1964க்குள் மூன்றாம் முறையும் அதே பாதையை நடந்தவரை, 1959இல் மிசௌரியிலிருந்து போர்ட்லண்டுக்கு ஏறத்தாழ 2,000 மைல் நடந்தவரை, கணவன் துரத்திக்கொண்டேயிருந்தான் என்று கொள்வது அக்கணவனுக்கு அளவுக்கு மிஞ்சிய பெருமை கொடுப்பதாகும்.

பிரசங்கிகள் செய்வதும் இதுவே, வேறு வழியில். நமக்குக் காரணமுள்ள நடை பிடிக்கும். 4ஆம் நூற்றாண்டில் எருசலேமுக்கும் சீனாய்க்கும் பயணம்செய்த எகேரியாவைத் திருச்சபை வரலாற்றில் விருப்பத்தோடு கற்பிக்கிறோம். (அவருடைய பயணக்குறிப்பு அச்சேறியதும் எம்மா பிறந்த 1887ஆம் ஆண்டிலேயே.) எம்மாவுக்கு மூன்றாண்டு முன்னர், 1952இல், அதே அப்பலாச்சியன் பாதையை நடந்த மில்ட்ரெட் நார்மன் என்னும் பெண்மணி, பின்பு ‘சமாதான யாத்திரிகை’ என்று தம்மை அழைத்துக்கொண்டு, ஒருவர் உணவு கொடுக்கும்வரை உபவாசித்தும், தங்க இடங்கொடுக்கும்வரை நடந்தும், 1981இல் இறக்கும்வரை சமாதானத்தை அறிவித்துத் திரிந்தார். அவரையும் நாம் புரிந்துகொள்வோம். அவர் கையில் ஒரு செய்தி இருந்தது. செய்தியில்லாமல், நேர்த்திக்கடனில்லாமல், யாரையும் பார்க்கப்போகாமல் நடக்கும் கிழவியைத்தான் என்ன செய்வதென்று நாம் அறியோம்.

இதை நாம் பிறர்மேல் மட்டும் சுமத்தவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஊழியஞ்செய்த கிராமச் சபையொன்றில் அறுபத்திரண்டு வயதுள்ள ஓர் அம்மாள் இருந்தார். வாரத்தில் ஒருநாள் விடியுமுன் எழுந்து, கண்மாய்க் கரைவழியே மலையடிவாரம் வரை தனியாக நடந்து, பொழுதுசாயத் திரும்புவார். போகவர எட்டு மைல் இருக்கும். ஊரார் பேச, மூப்பர்கள் நம்மிடம் வந்தனர். நாம் அவரை அழைத்து, ‘எதற்கம்மா இந்த நடை?’ என்று கேட்டோம். ‘சும்மாதான் ஐயா. காலு போகச்சொல்லுது’ என்றார். சும்மா என்னும் சொல்லுக்குத் தமிழ்ச் சமயமரபில் எத்துணை ஆழமுண்டென்று இறையியல் கற்ற நாம் அன்று நினைக்கவில்லை. நாலுபேர் நாலுவிதமாகப் பேசுவார்கள், ஏதேனும் நேர்ந்தால் பிள்ளைகளுக்கு யார் பதில்சொல்வது என்று புத்திசொன்னோம். ‘சரிங்க ஐயா’ என்று போனவர் அதன்பின் நடக்கவில்லை. சபைக் கூட்டத்தில் அதற்காக நமக்கு நன்றியும் கூறினார்கள்.

நூலில் வேறு குறைகளும் உண்டு. மோட்டார் வண்டியின் பெருக்கம், நெடுஞ்சாலைகள், 1955 ஆகஸ்டில் அடுத்தடுத்து வந்த இரு புயல்கள் என்று ஆசிரியர் அடிக்கடி பாதையைவிட்டு விலகுகிறார்; புயல்களைப் பற்றியது பொருந்துகிறது, மற்றவை நீளுகின்றன. எம்மா தம் கைப்பட எழுதிய நாட்குறிப்புகளைத் துணுக்குகளாகவே தருகிறார். எங்கே படுத்தேன், என்ன தின்றேன், யார் கதவு திறந்தார் என்னும் அளவிலான வறண்ட வாக்கியங்கள் அவை. இன்னும் நிறையத் தந்திருக்கலாம். காரணம் தேடும் ஆசிரியருக்கு அவை போதாதவையாகத் தோன்றினபோலும்.

குடும்ப ஆலோசனை வகுப்புக்கு வருவோர், கைதும் அடைக்கலமும் கூறப்படும் அதிகாரத்தைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். அந்நகரத் தலைவரின் இடத்தில் ஓர் ஆயர் இருந்திருந்தால் என்ன சொல்லி அனுப்பியிருப்பார் என்று கலந்துபேசுவது நலம். மே நிருபங்களைப் படிக்கும் மூன்றாமாண்டு மாணவர்கள் நடையைக் கூறும் அதிகாரங்களை முதலில் படிக்கட்டும். நம் பிரதியை நூலகத்தில் சேர்த்திருக்கிறோம்.