50 பவுண்டு எதற்கு?

பெய்ட்காஸ்டர் ரீலைப் புதிதாக வாங்குகிறவர் அடுத்துக் கேட்பது, "இதுக்கு என்ன லைன் சுத்தலாம்ணே?" என்பதுதான். பதில் எப்போதும் தயார்: "அம்பது பவுண்டு பிரெய்ட் போட்டுடு தம்பி, அறுவதே கிடையாது." செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் விராலுக்கும் அதே பதில், முட்டுக்காடு, பழவேற்காடு கழிகளில் கொடுவாவுக்கும் அதே பதில், இன்னும் வீசவே பழகாதவருக்கும் அதே பதில். விராலைப் பொறுத்தவரை பதில் சரி. 'அறுவதே கிடையாது' என்ற காரணம்தான் சரியில்லை. காரணம் பிசகியிருப்பதால் மற்ற இரண்டு இடங்களிலும் பதிலும் பிசகிவிடுகிறது.

நூல் தாங்கும் இழுவை 50 பவுண்டு என்றால் ஏறக்குறைய 22.7 கிலோ. கையடக்கமான பெய்ட்காஸ்டர் ரீல்கள் பெரும்பாலானவற்றின் டிராக், முழுக்க முறுக்கினாலும் 5 முதல் 8 கிலோவுக்குள் வழுக்கி லைனை விட்டுவிடும். ஆக, மீன் நேராக இழுத்து அந்த நூலை அறுக்கும் நிலை வரவே வராது. அதற்கு முன் டிராக் ஓடும், அல்லது கொக்கி விரியும், அல்லது ராடு ஒடியும். வலிமைக்காகத்தான் வாங்குகிறோம் என்றால், வாங்கியதில் பாதிக்கு மேல் சும்மாவே கிடக்கிறது.

இருந்தும் அனுபவசாலிகள் 50 பவுண்டையே சுற்றுகிறார்கள். அதற்கான உண்மையான காரணம் தடிமன். பிரபலமான பிரெய்ட் (பின்னல்) நூல்களில் 50 பவுண்டின் விட்டம் சுமார் 0.36 மில்லிமீட்டர், 12 பவுண்டு நைலான் நரம்பின் பருமனும் அதுதான். 20 பவுண்டு பிரெய்டோ 0.23 மில்லிமீட்டர் அளவே இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசம் பெய்ட்காஸ்டரில் ஏன் பெரிதாகிறது என்பதற்கு அந்த ரீல் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாது. லைன் அதன் விளிம்பின் மேல் வளையம் வளையமாகக் கழன்று போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல்கிறது. பறக்கும் லூர் (செயற்கை இரை) லைனை இழுக்க, லைன் ஸ்பூலை உருட்டுகிறது. லூர் காற்றில் வேகம் குறைந்தபின்னும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால், வெளியே போக இடமில்லாத லைன் உள்ளேயே குவிந்து சிக்காகிவிடும். காந்தம், பிரேக் எல்லாம் இருந்தாலும் கடைசிக் கட்டுப்பாடு நம் கட்டைவிரலில்தான். மெல்லிய பிரெய்ட் இங்கே இரண்டு விதமாகத் தொல்லை தருகிறது. ஒன்று, நூல் மெலிதாகவும் துவண்டும் இருப்பதால் சிக்கு விழுந்தால் இறுகிவிடும். பிரித்தெடுக்க ஊசி தேவைப்படும். இன்னொன்று இதைவிட மோசம். கொக்கியை வெட்டி இழுக்கும்போதோ, வேரில் மாட்டிய லூரைப் பிடுங்கும்போதோ, மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவே புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் லூர் பாதி தூரம் போனதும் புதைந்த இடத்தில் லைன் பிடித்துக்கொள்ள, ஸ்பூல் சட்டென நிற்கும். பிரெய்டில் நீட்சி கிடையாது. அதிர்ச்சி முழுவதும் முடிச்சில் இறங்கும். லூர் தனியே பறந்து ஏரியின் அக்கரைக்குப் போய்விடும். சும்மா கிடப்பதாகச் சொன்ன அந்தக் கூடுதல் வலிமை ஒரு சமயம் உதவுமென்றால் அது இந்த நொடியில்தான், மீனோடு மல்லுக்கட்டும்போது அல்ல.

தடித்த பிரெய்ட் புதைவது குறைவு, சிக்கைப் பிரிப்பதும் எளிது. லேபிளில் உள்ள 50 என்ற எண்ணைத் தடிமனைச் சொல்லும் எண்ணாகப் படித்தால் பழக்கத்தின் நியாயம் விளங்கும்.

தவளை லூரை எடுத்துக்கொள்வோம். அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை மூடிய ஏரியில், இலைகளுக்கு மேல் அதை இழுத்து விராலை ஏமாற்ற வேண்டும். கடித்ததும் இரட்டைக் கொக்கி அந்த எலும்பு வாயில் ஏற வேண்டும். ஏறிய கையோடு மீனைத் தண்டுகளுக்குள் நுழைய விடாமல் இழுத்துவிட வேண்டும். நைலான் அறும் நிலைக்கு வருமுன் தன் நீளத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் நீளக்கூடியது. தூரத்தில் கடித்த மீனுக்கு நாம் கொடுக்கும் வெட்டில் கணிசமான பகுதியை அந்த நீட்சியே தின்றுவிடும். பிரெய்ட் அப்படியே கடத்தும். தண்டில் சுற்றிக்கொண்டால் அதை அறுத்துக்கொண்டும் வரும். பிரெய்ட் பாலிஎத்திலின் இழை, அடர்த்தி 0.97, எனவே தண்ணீரில் மிதக்கும், தவளையின் மூக்கைக் கீழே இழுக்காது. இந்த வேலையில் அதற்குப் போட்டியே இல்லை.

அதே நூலை முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. அங்கே பாறைகளிலும் பாலத்தூண்களிலும் ஆளி ஓடுகள். இழுவைக்கு அறாத பிரெய்ட், விறைப்பாக இருக்கும்போது கூரான ஓட்டில் உரசினால் நொடியில் அறும். கொடுவாவின் செவுள் மூடியும் கத்திபோல வெட்டக்கூடியது. மும்முனைக் கொக்கி மாட்டிய லூரில் இன்னொரு சங்கடம்: மீன் துள்ளித் தலையை உதறும்போது நீட்சியற்ற நூல் சற்றும் விட்டுக்கொடுக்காததால், சிறு கொக்கிகள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். டிராக்கைச் சற்றுத் தளர்த்தி, லூருக்கு முன்னால் தடித்த லீடர் நரம்பு கட்டினால் இரண்டும் ஓரளவு சரியாகும். ஆனால் லீடர் முடிச்சு, ரீலின் முன்னே இடம்வலமாக ஓடும் வளையத்தில் ஒவ்வொரு வீச்சிலும் தட்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சை மெலிதாகக் கட்டத் தெரியாதவர், முடிச்சு ராடு நுனிக்கு வெளியே நிற்கும்படி லீடரைக் குட்டையாக வைத்துக்கொள்வது மேல். பாலிஎத்திலின் வழுக்குவதால் சாதாரண முடிச்சுகள் தாமாகவே அவிழும். பலோமர் போன்றவை தேவை. அதே வழுக்கலால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் உருளும். அடியில் கொஞ்சம் நைலானைச் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டினால் இது தீரும். மாட்டிய லூரை விடுவிக்கப் பிரெய்டைக் கையில் சுற்றி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் எலும்புவரை இறங்கும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

பின்னல் நூல் ஏதோ புது நாகரிகம் என்றும் நினைக்க வேண்டாம். பெய்ட்காஸ்டரின் மூதாதை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் செய்த பல்சக்கர ரீல். அந்த வகை ரீல்களில் நெடுங்காலம் ஓடியவை பின்னிய பட்டு நூலும் லினன் நூலும்தாம். மீன்பிடித்து வீடு திரும்பியதும் மக்கிப்போகாமல் இருக்க அவற்றை அவிழ்த்து உலர்த்த வேண்டியிருந்தது. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் மீனைப் பிடித்து உலக சாதனை படைத்தபோது நைலான் என்ற பொருளே உலகில் இல்லை. டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் அதை உருவாக்கியது 1935இல். அந்த ஒற்றை இழை வந்து, உலர்த்தும் தொல்லையை ஒழித்தது.

இன்று அந்த நைலானை 'பழைய சரக்கு' என்று ஒதுக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. குறைகள் உண்டு: தண்ணீரை உறிஞ்சி வலிமையில் சற்று இழக்கும்; வெயிலில் நலியும்; ஸ்பூலில் கிடந்த சுருளை மறக்காது; ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஆனால் வீசப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. 0.35 மில்லிமீட்டர் நைலான் சிக்கினாலும் விறைப்பாக இருப்பதால் விரலாலேயே பிரிக்கலாம். புதையாது. பிரித்தும் பயனில்லை என்றால் வெட்டி எறிவதில் மனம் பதறாது, ஏனென்றால் பிரெய்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். (எறிவது என்றால் குப்பைத்தொட்டியில், ஏரிக்கரையில் போட்டால் கொக்கின் காலில் சுற்றும்.) மும்முனைக் கொக்கி லூருக்கும் அதன் நீட்சி துணை.

ஃப்ளூரோகார்பனை முழு ஸ்பூலுக்கும் சுற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் 1970களின் தொடக்கத்தில் வந்த இந்த லைனின் ஒளிவிலகல் எண் 1.42. தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. தண்ணீரில் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் என்ற பெயர் இதனால் வந்தது. தெளிந்த அணைநீரில் அது பொருந்தலாம்; மழைக்குப்பின் கலங்கிய கழியில் யாரிடமிருந்து மறைப்பது? அடர்த்தி 1.78 என்பதால் ஸ்பூலைக் கனமாக்கும், மிதக்கும் லூரை அமிழ்த்தும். விறைப்பால் சுற்றுகள் துள்ளி எழும். சிக்கில் ஒருமுறை மடிந்த இடம் பலவீனமாகிவிடும். உரசலைத் தாங்கும் லீடராக அதை வைத்துக்கொள்வதோடு நிறுத்தலாம்.

லேபிள் குழப்பத்தில் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஒரே 30 பவுண்டு என்று எழுதியிருந்தாலும் இரு நிறுவனங்களின் நூல்கள் ஒரே பருமனாக இருப்பதில்லை. ஜப்பானிய நூல்களில் வரும் பிஇ எண் இழையின் அளவைக் குறிப்பது. பிஇ 1 என்றால் சுமார் 0.165 மில்லிமீட்டர். நம் கடைகளில் அதையும் பவுண்டாக மாற்றியே சொல்கிறார்கள். வாங்கும்போது விட்டத்தைக் கேளுங்கள், லூரைச் சொல்லிக் கேளுங்கள். முதல் ரீல் என்றால் நைலானோடு வெளியே வாருங்கள். கட்டைவிரல் பழகிய பிறகு பிரெய்டுக்குப் பணம் கொடுக்கலாம்.