சிப்பாயின் அச்சம்

யுத்தப் படங்களில் வரும் சிப்பாய்கள் பெரும்பாலும் இரு வகையினர்: பிறவி வீரர், பிறவிக் கோழைகள். வீரமும் கோழைத்தனமும் இரத்தத்தில் ஊறியவை என்னும் இவ்வெண்ணம் மிகப் பழையது. ஆணையிடுவோருக்கு மிகவும் வசதியானதுங்கூட. இதனை உடைத்தெறிந்த படங்களுள் ஸ்ரான்லி குப்ரிக் 1957இல் உருவாக்கிய 'பாத்ஸ் ஒப் குளோரி' தலையாயது எனலாம்.

முதலாம் உலக யுத்தம். எறும்புப் புற்று எனப் பெயரிடப்பெற்ற ஜேர்மன் நிலையைத் தாக்குமாறு பிரெஞ்சுப் படையொன்று ஏவப்படுகிறது. கைப்பற்ற இயலாத நிலை அது. தாக்குதல் தோற்றதும், கோழைகள் எனக் குற்றஞ்சாட்டி மூன்று சிப்பாய்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகின்றனர். ஒருவன் சீட்டுக் குலுக்கலில் அகப்பட்டவன். இன்னொருவன் சமூகத்துக்கு ஆகாதவன் என ஒதுக்கப்பட்டவன். மூன்றாமவனோ, இரவு வேவுப் பணியின்போது லெப்டினன்ட் ஒருவன் அச்சத்தால் எறிந்த கைக்குண்டு தன் படையாளையே கொன்றதை அறிந்தவன். அவன் பெயரைக் கொடுப்பவனும் அதே லெப்டினன்ட்தான்! அஞ்சி ஓடியவன் பெயர் குறிக்கிறான். அறிந்தவன் கம்பத்தில் கட்டப்படுகிறான்.

சிறையில் அம்மூன்றாமவன் கரப்பான் பூச்சியொன்றைக் காண்கிறான். நாளை தான் இல்லாதபோதும் இது உயிரோடிருக்குமே என்று மனம் வெதும்புகிறான். அருகிலிருந்தவன் அதனை நசுக்கிவிடுகிறான். மரணத்தை எதிர்நோக்கும் மனத்தைக் காட்ட இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

குண்டதிர்ச்சியால் சித்தம் கலங்கிய சிப்பாயை இப்படத்தின் ஜெனரல் அறைகிறான். அப்படியொரு நோயே இல்லை என்கிறான். மிகைப்படுத்தல் என எண்ணுவோர், 1943இல் சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பற்றன் மருத்துவ முகாம்களிலிருந்த இரு சிப்பாய்களை அறைந்ததை நினைவுகூர்க. பிரான்சில் இப்படம் 1975வரை திரைக்கு வரவில்லை.

கிரிகோரி சுக்ராயின் சோவியத் படமான 'சிப்பாயின் கதைப்பாடல்' (1959) வேறு வழியிற் செல்கிறது. பத்தொன்பது வயது அல்யோஷா இரு டாங்கிகளைத் தகர்க்கிறான். அஞ்சியே அதைச் செய்ததாகத் தளபதியிடம் கூசாமற் கூறுகிறான். பதக்கத்துக்குப் பதிலாகத் தாயைக் கண்டு கூரை வேய்ந்துவர விடுமுறை கேட்கிறான். அச்சமும் வீரமும் ஒரே நெஞ்சில் ஒரே கணத்தில் இருப்பதை இத்துணை எளிமையாகக் காட்டிய படம் அரிது.

ஆயினும், நம்மவர் படைப்பு என்பதற்காக ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. இப்படத்தின் தளபதி அச்சத்தைக் கேட்டுப் புன்னகைக்கிறார். அதே யுத்தத்தில், 1942 ஜூலையில், பின்வாங்குவோரைத் தண்டனைப் பட்டாளங்களுக்கு அனுப்பும் 227ஆம் இலக்கக் கட்டளையை ஸ்ராலின் பிறப்பித்திருந்தார். முதுகுக்குப் பின்னால் நின்ற அந்த அச்சத்தைப் படம் தொடவேயில்லை. சுக்ராய் போர்முனையில் நின்று காயப்பட்டவர். அவர் அறியாததன்று அது.