பெயரில்லாச் சிப்பாயும் நம் நூலாசிரியர்களும்

இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்துள்ள நூல்களை வரிசையாக அடுக்கினால் ஓர் அலமாரியின் இரண்டு தட்டுகள் நிரம்பும். நினைவுக் குறிப்புகள், சரித்திரங்கள், நாவல்கள், புகழ்மாலைகள் என அவை பலவகைப்படும். அவற்றுள் சிலவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கையில் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. சிரம்பான், லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர் தோட்டங்களிலே பால்வெட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தானே ஒருவன், போர் முடிந்ததும் திரும்பி வந்து அதே உளியை மறுபடி கையிலெடுத்தானே, அவனுக்கு இந்நூல்களில் எவ்வளவு இடம்? தலைவருக்கு நூறு பக்கம், தளபதிகளுக்கு ஐம்பது பக்கம், கொடிக்கும் முழக்கத்துக்கும் இருபது பக்கம் போக மிஞ்சுவது, "தோட்டத் தொழிலாளர் திரள்திரளாகச் சேர்ந்தனர்" என்ற ஒரே வாக்கியம். திரள் என்ற சொல்லுக்குள் எத்தனை பெயர்கள் புதைந்து கிடக்கின்றன என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இதனை வெறும் இலக்கியக் குறையென்று ஒதுக்கிவிட நமக்குச் சம்மதமில்லை. பெயர் ஏட்டில் ஏறாதவனுக்கு மரியாதையும் இல்லை, மானியமும் இல்லை என்பதை மேலே காட்டுவோம்.

முதலில், அவன் ஏன் போனான் என்பதை நூலாசிரியர்கள் எங்ஙனம் எழுதுகின்றனர் என்று பார்ப்போம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அவர் குரலைக் கேட்ட மாத்திரத்தில் தொழிலாளியின் உள்ளத்தில் தேசபக்தி பொங்கிற்று. உடனே படையில் சேர்ந்தான். பெரும்பாலான நூல்கள் கூறும் கதை இதுவே. பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் கதை அங்கே தொடங்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. தோட்டங்களில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது மற்றொன்று. சர்க்கார் அதற்குத் துருப்புகளைக் கொண்டு விடையளித்தது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து ஜப்பானியர் வந்தனர். தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி குறைந்தது. பிறகு சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையிலே மலாயாத் தமிழர் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். இத்தனைக்கும் பிறகே படைமுகாம் திறந்தது. முகாமில் சோறு உண்டு, சட்டை உண்டு, "ஏய்" என்று அழைக்காமல் "தோழர்" என்று அழைப்பவரும் உண்டு. ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படுவதைவிடப் படையில் சேர்வது மேல் என்று ஒருவன் நினைத்திருந்தால் அவனுடைய தேசபக்தி ஓரணாவும் குறைந்துவிடாது. வயிற்றுப்பாட்டை மறைத்து எழுதினால்தான் வீரனுக்குப் பெருமை என்று நம்மவர்கள் கருதுவது பழைய புராண வாசனை.

ஒரு சொல்லையும் இங்கே குறிப்பிட விரும்புகின்றோம். தோட்டத்திலே விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் 'பெரட்டு' என்று பெயர். பட்டாளத்து அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து வாயில் அப்படித் திரிந்தது. ஆகவே பால்வெட்டுக்காரனுக்குப் படைப்பெரட்டு புதிதன்று. தோட்டத்தில் கங்காணிக்கு முன் தலைகுனிந்து நின்றான். முகாமில் தலைநிமிர்ந்து நின்றான். வேற்றுமை அவ்வளவே. இந்த ஒரு சொல்லைக்கொண்டு ஒரு நாவலை ஆரம்பிக்க நம் எழுத்தாளர் எவருக்கும் தோன்றாதது விந்தை.

இனி, நெகிரி செம்பிலானை நேரே தொடும் நூலுக்கு வருவோம். நேதாஜியின் விளம்பர மந்திரியாயிருந்த எஸ். ஏ. அய்யர் 1951இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நினைவுநூலில், சிரம்பான் அத்தியாயமே உயிர்நிலை என்று சொல்லலாம். 1945 ஆகஸ்டு இரண்டாம் வாரம். சிரம்பானிலிருந்த படைப்பயிற்சி முகாமின் காரியமாக நேதாஜி அங்கே வந்து விருந்தினர் விடுதியில் தங்கியிருக்கிறார். ரஷ்யா ஜப்பான்மீது போர் தொடுத்துவிட்ட செய்தி இரவில் தொலைபேசி வழியே வருகின்றது. அடுத்து, ஜப்பான் பணிகின்றது என்ற செய்தியைத் தாங்கிச் சிங்கப்பூரிலிருந்து மோட்டாரில் ஆட்களே வந்துவிடுகின்றனர். ஒரு சர்க்காரின் முடிவு ஒரு சிற்றூர் விடுதியின் அறையில் நிகழ்வதை அய்யர் நிதானமாகவும் கண்ணியமாகவும் எழுதுகின்றார். அவர் கைவண்ணத்தை நாம் குறைகூற முற்படவில்லை. பத்திரிகையாளராதலின் காட்சியைக் கண்முன் நிறுத்தத் தெரிந்தவர். ஆனால் விளக்கு எரியும் அந்த அறையை விட்டு வாசகன் வெளியே வர முடிவதில்லை. பயிற்சி முகாம் அதே ஊரில்தானே இருந்தது? அங்கே படுத்திருந்தவர்கள் பொழுது விடிந்ததும் யாது செய்வர்? அவர்கள் போக வேண்டிய தோட்டம் நடந்தே சேரக்கூடிய தொலைவில் இருந்திருக்கலாம். போனால் அங்கே கிராணி யார், துரை யார், பெரட்டில் மறுபடி நிற்க விடுவார்களா? நூல் தன் தலைவரைத் தொடர்ந்து சிங்கப்பூருக்குப் போய்விடுகின்றது. சாட்சி சொல்ல வந்தவர் ஒருவருக்கே சாட்சி சொன்னார். அது அவர் வரித்துக்கொண்ட கடமை. மற்றவர்களுக்குச் சாட்சி சொல்ல இன்னொருவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு நடந்தது யாவரும் அறிந்தது. 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சகல், தில்லான் மூவர்மீதும் விசாரணை நடந்தது. நாடே கொந்தளித்தது. தண்டனை 1946 ஜனவரியில் ரத்தாயிற்று. இந்த விசாரணையைப் பற்றி எழுதப்பட்டதற்குக் கணக்கில்லை. நாம் கவனித்த ஒன்றை மட்டும் சொல்லுகின்றோம். குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் முன்பு பிரிட்டிஷ் இந்தியச் சேனையில் அதிகாரிகளாயிருந்து மன்னருக்குப் பிரமாணம் செய்தவர்கள். அப்படிப்பட்டவரையே இராணுவச் சட்டம் பிடிக்கும். தோட்டத்திலிருந்து நேரே படைக்குப் போன தமிழன் எந்த மன்னருக்கும் பிரமாணம் செய்தவனல்லன். ஆதலால் அவனை அந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்க வழியில்லை. பெரும்பாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கருணையென்றே அன்று தோன்றியிருக்கும். ஆயினும் தண்டிக்க எண்ணிய சர்க்கார் பெயர், ஊர், பதவி, சாட்சி யாவற்றையும் எழுதி வைத்தது; விட்டுவிட எண்ணிய சர்க்கார் அவ்வாறு எழுதி வைக்க அவசியமில்லை. கையிலிருந்த ஜப்பானியர் காலத்து வாழைமரப் பணமும் செல்லாக் காசாயிற்று. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய படைவீரர் நினைவுச் சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். ஆக, காசுமில்லை, கல்லுமில்லை, காகிதமுமில்லை.

காகிதம் இல்லாததன் விலை கால் நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. சுதந்திர இந்தியா, இந்தப் படையினரைத் தன் சேனையில் திரும்பச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. 1972இல் வெள்ளி விழாவை ஒட்டித் தியாகிகளுக்கு உபகாரச் சம்பளம் என்று ஒரு திட்டம் வகுத்தது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அந்த வரம்பு 1980இல் நீக்கப்பட்டது. எல்லாம் நன்றே. ஆனால் சிறையிலோ காவலிலோ இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஏடு இல்லையென்றால், உடனிருந்த தகுதியுள்ளவரின் அத்தாட்சி கேட்டார்கள். எழுதத் தெரியாதவன், தன்னைப்போலவே எழுதத் தெரியாதவர்களோடு இருந்தவன், அந்த அத்தாட்சிக்கு எங்கே போவான்? 1968இல் மலேசியாவில் இயற்றிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவாகப் பிரஜாவுரிமை இல்லாத தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களிடையே பழைய சிப்பாய்களும் இருந்திருப்பர் என்று ஊகிப்பதில் தவறில்லை. இங்கே அந்நியன், அங்கே ஆதாரமற்றவன்.

சர்க்கார் கேட்ட அத்தாட்சியை எழுதிக்கொடுக்கும் வேலை இலக்கியத்தினுடையதா என்று வாசகர் வினவலாம். ஒரு நாவல் உபகாரச் சம்பளம் வாங்கித் தராது, உண்மையே. ஆனால் ஒரு ஜனசமூகம் யாரை மரியாதைக்குரியவன் என்று நினைக்கின்றதோ அவனுக்குத்தான் சர்க்காரிடம் வாதாட முற்படும். அந்த நினைப்பை உண்டாக்குவது எழுத்து.

இவ்விடத்தில் ப. சிங்காரத்தைப் பாராட்டாமல் மேலே செல்ல முடியாது. கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' என்ற நாவலில், பினாங்கு வட்டிக்கடைப் பையனாகிய செல்லையா படையில் சேர்ந்து திரும்பி வருகின்றான். முதலாளியின் மகள் மரகதத்தை மணக்கலாம் என்றிருந்தவனுக்கு அவ்வாசை பறிபோகின்றது. காரணம் அவன் தோற்றவன் என்பதன்று. துப்பாக்கி பிடித்தவன் இனி வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பதே முதலாளியின் முடிவு. எவ்வளவு நுட்பமான அநீதி பாருங்கள்! அவனை யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை; வீரன் என்றுகூட ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் வீரனுக்கு இடமில்லை. படையிலிருந்து மீண்டவனுக்குச் சமூகம் இழைக்கும் தீங்கின் உண்மையான உருவம் இது. மாலை போட்டு வெளியே நிறுத்துவது. புகழ்மாலை பாடிய நூறு பேர் காணாததை இவர் ஒருவர் கண்டார். சுமத்திராவில் வாழ்ந்து யுத்தகாலத்தை நேரில் பார்த்தவர் என்பது ஒரு காரணம், முதலாளியையும் மனிதனாகவே எழுதியது மற்றொரு காரணம். 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி' இன்னும் பெரிய நூல். அதன் நாயகன் பாண்டியனுக்கும் போருக்குப் பின் அமைதியான வாழ்வு கிட்டுவதில்லை.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். செல்லையாவும் பாண்டியனும் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். கடைத்தெருவின் பிள்ளைகள். வட்டிக்கடை மறுத்தாலும் வேறு கடை உண்டு, ஊருக்குக் கப்பலும் உண்டு. லாபுத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பியவனுக்கு அந்த மறுப்புக்கூடக் கிட்டாது. அவனைத் தோட்டம் ஏற்றுக்கொள்ளும், அதே மரங்களை அதே கூலிக்கு வெட்டச் சொல்லும். அது மறுப்பைவிடக் கொடியதா இல்லையா என்பதைச் சிங்காரத்தின் பேனா அளவுக்கு ஆற்றலுள்ள ஒரு பேனா ஆராய்ந்திருக்க வேண்டும்.

மலேசிய எழுத்தாளர்கள் இதைச் செய்யவில்லையா எனின், ஒரு பாதியைச் செய்திருக்கின்றனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) தோட்டத்து மனிதனையே நடுவில் நிறுத்துகின்றது. அ. ரெங்கசாமி ரயில் பாதையைப் பற்றி ஒரு நாவலும், நேதாஜியின் படையைப் பற்றி 'இமயத் தியாகம்' என்ற நாவலும் எழுதியிருக்கிறார். தலைப்பையே பாருங்கள், ரயிலுக்குப் போனவன் 'மரணம்', படைக்குப் போனவன் 'தியாகம்'. இவ்விரண்டையும் நம் இலக்கியம் வெவ்வேறு பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டது. ஒரே லயத்தில் அண்ணன் ரயிலுக்கும் தம்பி முகாமுக்கும் போயிருக்கக்கூடும். அண்ணனைக் கொன்ற ஜப்பானியனோடு தம்பி தோள்சேர்ந்து நின்றிருக்கக்கூடும். அந்த வீட்டுத் தாய் யாரைப் பற்றி என்ன சொல்வாள்? ஜப்பானியரின் கைப்பாவைப் படை என்று ஏளனம் செய்வோருக்கும், மாசற்ற தியாகப் படை என்று வணங்குவோருக்கும் இத்தாயின் முன் வாய் திறக்க முடியாது. சிப்பாய்க்கு நியாயம் வழங்க வேண்டுமாயின் இந்தச் சிக்கலோடு சேர்த்தே வழங்க வேண்டும்.

பெண்கள் விஷயமும் இவ்வாறே. ஜான்சிராணிப் படையைப் பற்றி ஜாய்ஸ் லெப்ரா 2008இலும் வேரா ஹில்டிபிராண்டு 2016இலும் ஆங்கில நூல்கள் எழுதினர், அரிய உழைப்பு. அப்படையில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே என்பதை மறைக்கவுமில்லை. ஆனால் நினைவுகூர்ந்து பேசுவோராக முன்னிற்பவர் கல்வி கற்ற நகரத்துப் பெண்மணிகளே. கேப்டன் லட்சுமிக்கு 1998இல் பத்மவிபூஷண், ஜானகி ஆதிநாகப்பனுக்கு 2000இல் பத்மஸ்ரீ. இருவரும் முற்றும் தகுதியுடையோர், அதில் நமக்கு மகிழ்ச்சியே. லயத்திலிருந்து போய், காற்சட்டையணிந்து, துப்பாக்கி தூக்கி நடந்து, மீண்டு வந்து மறுபடி சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போன பெண்ணை ஊர் என்ன சொல்லிற்று? "பட்டாளத்துக்குப் போனவள்" என்ற சொல் ஆணுக்குப் பெருமை, பெண்ணுக்கு வசை என்றிருந்த காலம் அது. அவளுக்குப் பத்மஸ்ரீ கேட்கவில்லை நாம். ஒரு சிறுகதை கேட்கின்றோம்.

படைப்பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கும் சரித்திரச் சான்றுண்டு. 1946, 47இல் கெடா மாநிலத் தோட்டங்களிலே தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர். நேதாஜியின் முகாமில் கற்ற ஒழுங்கு அவர்களிடையே விளங்கிற்று என்று ஆராய்ச்சியாளர் எழுதுகின்றனர். நிமிர்ந்து நிற்கக் கற்றவன் பெரட்டிலும் நிமிர்ந்தே நின்றான். இந்தச் சிப்பாய் அதன்பின் யாருக்கும் சுவையான பாத்திரமாகப் படவில்லை. ஏனெனில் அவன் கையில் துப்பாக்கி இல்லை, எதிரே வெள்ளைத் துரையின் லாபக் கணக்கு இருந்தது.

அந்தத் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம்விட்டன, லயங்கள் இடிந்தன. மிஞ்சியிருப்பவை பிள்ளைகளுக்கு இட்ட போஸ், சுபாஷ், ஜான்சி என்ற பெயர்களும், கூடத்தில் மாட்டிய நேதாஜி படமும், பாட்டன் எப்போதாவது சொன்ன இரண்டொரு வாக்கியங்களும். சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் எழுதும் இளைஞர்கள் அந்த இரண்டொரு வாக்கியங்களைப் பாட்டன் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், சென்ற மாதம், திரும்பிய மாதம் இவற்றோடு எழுதி வாங்கட்டும். கோயில் கணக்கிலும், தமிழ்ப்பள்ளிப் பதிவிலும், எங்கேனும் தப்பியிருக்கும் பழைய செக்ரோல் ஏட்டிலும் 1943க்கும் 1945க்கும் இடையில் காணாமற்போய் 1946இல் மறுபடி தோன்றும் பெயர்களைத் தேடட்டும். சிரம்பான் விடுதியறையைப் பற்றி எழுத இனி எவரும் தேவையில்லை.