போஸ்ட்கிரெஸ் பதிப்பு மேம்படுத்தல் ஆவணங்கள்: ஒரு திறனாய்வு

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) ஒரு கட்டற்ற தரவுத்தள மென்பொருள். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. அதன்பின் புதிய பதிப்புக்கு மாறியே ஆகவேண்டும். அதற்கு வழிகாட்டும் அதிகாரப்பூர்வ ஆவணங்களின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறைகள்

ஒவ்வொரு பெரும்பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும், பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் தனிப் பகுதியாகத் தரப்படுகின்றன. பிஜி_அப்கிரேட் கருவிக்கான பக்கம் பணிகளைப் படிப்படியாக விளக்குவதோடு, பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் கூறுகிறது. இணைப்பு முறையில் மாற்றிப் புதிய வழங்கியை ஒருமுறை இயக்கிவிட்டால், பழையதைக் காப்புப்பிரதியிலிருந்துதான் மீட்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு.

குறைகள்

முதற்குறை, ஆவணம் பதிப்புவாரியாக அமைந்திருப்பது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து 17க்குத் தாவுபவர் ஐந்து குறிப்புகளையும் படித்துத் தொகுக்கவேண்டும். கடவுச்சொல் குறியாக்கத்தின் இயல்புமுறை 14இல் மாறியது. பழைய இணைப்பு நிரல்கள் சில அதை அறியா. பப்ளிக் ஸ்கீமாவில் எவரும் அட்டவணை உருவாக்கும் உரிமை 15இல் நீக்கப்பட்டது. ஆனால் அது புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்கே பொருந்தும். தம்மைப் பாதிப்பது எது என்பதை வாசகரே சலித்தெடுக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. லினக்ஸில் எழுத்துகளின் அகரவரிசையை ஜிலிப்சி நிரலகம் தீர்மானிக்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெரிதும் மாறின. பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸ் கோப்புகளைப் புதிய இயங்குதளத்துக்கு அப்படியே கொண்டுசென்றால் தேடல் தடம் மாறலாம். திருநெல்வேலி நூலகம் ஒன்றின் நூற்பட்டியலைக் கற்பனை செய்துகொள்வோம். முக்கூடற்பள்ளு அலமாரியில் இருக்கும், பட்டியலிலும் பதிவாகியிருக்கும். தேடினால் "இல்லை" என்று வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அதே நூல் மறுபடி பதிவாகவும் கூடும். 15ஆம் பதிப்பு முதல் தரவுத்தள அளவில் இதற்கு எச்சரிக்கை உண்டு. ஆயினும் தீர்வின் விளக்கம் ஆல்டர் கொலேஷன் கட்டளையின் பக்கத்தில் இருக்கிறது. மேம்படுத்துபவர் முதலில் திறக்கும் பக்கம் அதுவன்று.

செய்யத்தக்கவை

மையெஸ்கியூஎல் ஷெல்லில் உள்ள சோதனைக் கருவி, குறிப்பிட்ட தரவுத்தளத்தையே ஆராய்ந்து தடைகளைப் பட்டியலிடுகிறது. போஸ்ட்கிரெஸ் ஆவணமும் வாசகரின் நிலையிலிருந்து தொடங்கலாம். "எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு?", "இயங்குதளமும் மாறுகிறதா?" என்னும் இரு கேள்விகள் முதற்படியில் இடம்பெறவேண்டும். இரண்டாவதற்கு விடை "ஆம்" எனில், எழுத்து சார்ந்த இண்டெக்ஸ்களை மறுபடி கட்டும் கட்டளையும், ஆம்செக் நீட்சியால் அவற்றைச் சரிபார்க்கும் முறையும் அங்கேயே தரப்படவேண்டும்.

சிற்றலுவலகங்களில் இப்பணி பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. ஆவணத்தில் உண்மை இருந்தால் மட்டும் போதாது. தேவைப்படும் நேரத்தில் அது அவர் கண்ணில் படவும் வேண்டும்.