பிரிவதற்கு முன்பே பெயர் வேண்டும்

பெண்களுக்கான ஆதரவுப் பணி ஒரு பெரிய அமைப்பின் கிளையாக இருக்கலாமா, தனிப் பெயரில் தனியே நிற்க வேண்டுமா? ஹைதராபாத்தின் ஐடி பகுதியான கச்சிபௌலியில் இந்தக் கேள்வி வேறு எந்த இடத்தையும்விடக் கூர்மையாக எழுகிறது. இங்கே 2006-ல் சைபராபாத் போலீசும் ஐடி நிறுவனங்களும் கைகோத்துத் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் சைபராபாத் செக்யூரிட்டி கவுன்சில்' இருக்கிறது. அதற்குத் தலைவர் போலீஸ் கமிஷனர். பணமும் ஆட்களும் கம்பெனிகளிலிருந்து வருகின்றன. அதன் குடைக்குக் கீழேதான் பெண்களுக்கான மன்றமும், பயிற்சிகளும், ஷீ ஷட்டில் என்ற இலவசப் பேருந்தும் இயங்குகின்றன.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வேலை முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு சாலையோரம் நிற்கும் பெண்ணுக்குக் காசு கேட்காத, பெண்கள் மட்டும் ஏறும் பேருந்து வந்து நிற்பது பெரிய காரியம். 2013 அக்டோபரில் இந்த ஐடி வட்டாரத்தில் ஒரு மென்பொருள் ஊழியர் காரில் கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு சிறிய தொண்டு நிறுவனம் தனியாக நின்று இந்தப் பேருந்துகளை ஓட்டியிருக்க முடியாது. போலீஸ் சொன்னால் கம்பெனிகள் கேட்கும், கம்பெனிகள் கேட்டால் போலீஸ் வரும். தெருவிலிருக்கும் ஆபத்துக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானதுதான்.

ஆனால் ஆபத்து எப்போதும் தெருவில் இருப்பதில்லை. தொல்லை கொடுப்பவர் மேலாளராக இருக்கலாம். அடிக்கும் கணவர் அதே வளாகத்தில் நல்ல பதவியில் இருக்கலாம். புகாரை வாங்க மறுப்பவரே காவலராக இருக்கலாம். இவர்களிடம் சிக்கிய மூன்று பெண்களில் யார் போலீசும் கம்பெனிகளும் நடத்தும் அமைப்பின் படியேறி மனம் திறந்து பேசுவார்? அங்கிருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். வந்திருப்பவளுக்கு அது தெரிய வழியில்லையே.

இதே முரண் சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிலும் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். பெண்கள் நலனுக்காக இயங்கும் தொண்டு அமைப்பிலிருந்து அவர் வரலாம். அவருக்கான கட்டணத்தைத் தருவது அதே நிறுவனம். குழுவில் கம்பெனியைச் சாராத குரல் அவர் ஒருவர்தான். அவர் சார்ந்த அமைப்பும் கம்பெனிப் பணத்தில் ஓடினால் அந்தக் குரலில் என்ன மிஞ்சும்?

ஆகவே பெண்களுக்கான ஆலோசனையும் வழக்குத் துணையும் தனியே பிரிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் பிரியும் விதத்தில்தான். தைரியம் இருந்தால் போதும், பிரிந்து வந்துவிடலாம் என்று பேசுகிறவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

புதிய பெயரில் புதிதாகப் பதிவு செய்யும் அமைப்பு, அரசின் கண்ணில் அன்றைக்குப் பிறந்த குழந்தை. அதன் ஊழியர்கள் இருபது ஆண்டுகள் இதே வேலையைச் செய்திருக்கலாம், கணக்கில் வராது. 2021-ல் திருத்திய சிஎஸ்ஆர் விதிகளின்படி, ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியை வெளியார் தொடங்கிய தொண்டு அமைப்பின் வழியே செலவிட வேண்டுமானால், அந்த அமைப்புக்கு வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவுகளோடு மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் எஃப்சிஆர்ஏ பதிவுக்கும் பொதுவாக மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அதற்குள் பதினைந்து லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். தாய் அமைப்பு தன்னிடமுள்ள வெளிநாட்டுப் பணத்தில் கொஞ்சம் கொடுத்து உதவலாமே என்றால், 2020 திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவே கூடாது.

மூன்று ஆண்டு வறட்சி. அதைத் தாங்க முடியாமல் முதலில் போவது ஆலோசகர்களின் சம்பளம்தான். ஆலோசகர்கள் போனால் அவர்களைத் தேடி வந்த பெண்களின் நம்பிக்கையும் போய்விடும்.

அப்படியானால் பிரிந்தும் தழைத்தவர்கள் எப்படித் தழைத்தார்கள்? அகமதாபாத்தின் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைப் பார்க்க வேண்டும். 1920-ல் தொடங்கிய ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர் இலா பட். அந்தப் பிரிவிலிருந்துதான் 1972-ல் சேவா பிறந்தது. சுமை தூக்குபவர்களுக்கும் தெருவில் விற்பவர்களுக்கும் முதலாளி என்று யாருமில்லை, அவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று கேட்டு அதிகாரிகள் பதிவு செய்யத் தயங்கினார்கள். வாதாடித்தான் பதிவு வாங்கினார்கள். 1974-ல் சொந்தக் கூட்டுறவு வங்கியும் வந்தது. 1981-ல் குஜராத்தில் இடஒதுக்கீட்டுக்கு எதிரான கலவரம் நடந்தபோது சேவா தலித்துகளின் பக்கம் நின்று பேசியது. தாய்ச் சங்கம் அதை வெளியேற்றியது.

இதை ஒரு வீரக் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெளியேற்றப்பட்ட நாளில் சேவாவுக்கு ஒன்பது வயதுப் பதிவு இருந்தது, சொந்த வங்கி இருந்தது, உறுப்பினர்கள் நாவில் பழகிய பெயர் இருந்தது. தாய் வீட்டில் இருந்தபோதே தனிக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். அந்த ஒன்பது ஆண்டுகள் இல்லையென்றால் 1981-லேயே சேவா கலைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹைதராபாத்துக்குள்ளேயே இன்னோர் உதாரணம் உண்டு. 1985-ல் தொடங்கிய அன்வேஷி பெண்கள் ஆய்வு மையத்திலிருந்து 1993-ல் 'பூமிகா' என்ற தெலுங்குப் பெண்ணியப் பத்திரிகை வந்தது. பின்னாளில் அது தனி அமைப்பாயிற்று. கொண்டவீட்டி சத்தியவதி அதை நடத்தினார். 2006-ல் அந்த அமைப்பு பெண்களுக்கான உதவித் தொலைபேசியையும் தொடங்கியது. ஆய்வு மையத்தின் வேலை வேறு, அழுதுகொண்டே பேசுகிறவளுக்குப் பதில் சொல்லும் வேலை வேறு. ஆகவே அந்தப் பிரிவு நியாயமானது. அங்கேயும் பெயர் முந்தியது, பிரிவு பிந்தியது. பத்திரிகை வழியே வாசகிகளுக்கு அறிமுகமான பெயர்தான் தொலைபேசிக்கும் வந்தது.

தாயோடு ஒட்டியே இருப்பது பாதுகாப்பு என்பவர்களுக்கு மகிளா சமாக்யாவைக் காட்டலாம். 1989-ல் மத்திய அரசு தொடங்கிய பெண்கல்வித் திட்டம். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1993-லிருந்து கிராமச் சங்கங்களைக் கட்டியது. 2016-ல் தில்லி அதை ஊரக வாழ்வாதார இயக்கத்தோடு சேர்த்து முடித்துக்கொண்டது. தாயின் ஒரு கையெழுத்தில் பிள்ளையின் ஆயுள் தீர்ந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று. போலீசை விட்டுப் பிரிந்தால் ஸ்டேஷனுக்குள் யார் மதிப்பார்கள் என்பது அது. பதில் மும்பையில் இருக்கிறது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984-ல் தொடங்கிய சிறப்புப் பிரிவில், சமூகப் பணியாளர்கள் போலீஸ் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஆனால் அவர்கள் போலீசின் ஆட்கள் அல்லர். ஒரே கட்டடத்தில் இருப்பதால் சுதந்திரம் போய்விடாது. சம்பளமும் மேற்பார்வையும் யார் கையில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தனிப் பதிவு சட்டத்தின் முன்னும் ஒரு தகுதியைத் தரும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் (2005) கீழ், பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு மாநில அரசிடம் 'சேவை வழங்குநர்' ஆகலாம். பெண் விரும்பினால் அதுவே சம்பவ அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. யார் அடித்தது, என்றைக்கு, எங்கே, பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று அது கேட்கும். மருத்துவச் சான்றையும் சீதனப் பட்டியலையும் இணைக்கச் சொல்லும். பிளாஸ்டிக் கவரில் ஆஸ்பத்திரிச் சீட்டும் கல்யாணப் போட்டோவும் ஆதார் நகலுமாக வந்து நிற்பவளுக்கு, அதை அவள் மொழியில் கேட்டு நிரப்ப ஓர் ஆள் வேண்டும். கச்சிபௌலியின் பிஜி ஹாஸ்டல்களில் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

என் தீர்ப்பு இது: பிரியட்டும், ஆனால் அறிவிப்பு கடைசியில் வரட்டும். தெலங்கானா சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்து முதலில் பதிவு செய்ய வேண்டும். மூன்று ஆண்டுகள் தாயின் கூரைக்குக் கீழேயே, புதிய பெயரில், தனி வங்கிக் கணக்கும் தனித் தணிக்கையுமாக இயங்க வேண்டும். ஆட்சிக் குழுவில் போலீசுக்கும் நன்கொடை தரும் கம்பெனிக்கும் வாக்குரிமை கூடாது. பேருந்தும் தெருப் பாதுகாப்பும் கவுன்சிலிடமே இருக்கட்டும். அவை அங்கேதான் நன்றாக நடக்கும். பெண்கள் இதுவரை அழைத்துவந்த பழைய உதவித் தொலைபேசி எண் புதிய அமைப்புக்குக் கட்டாயம் வர வேண்டும். ஹாஸ்டல் சுவரில் ஒட்டிய எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருப்பவள் அதைத்தான் அழைப்பாள்.

எதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது வழக்குக் கோப்புகள். பிரிவு ஒப்பந்தங்களில் மேசை நாற்காலிக்கு ஒரு பட்டியல் போடுவார்கள், கோப்புகளை மறந்துவிடுவார்கள். அவற்றில் இருப்பவை கணவரின் பெயர், மேலாளரின் பெயர், ஒளிந்திருக்கும் முகவரி. ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டு, அவள் சம்மதித்தால் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் அவள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். போலீசும் கம்பெனிகளும் நடத்தும் பழைய அலுவலகத்தின் அலமாரியில் ஒரு நகல்கூட மிஞ்சக் கூடாது.